விசுவநாதபிள்ளையவர்கள்: தூஷணமும் பரிகாரமும்

கார்த்திகை மாதத்து மக நட்சத்திரத்திலே நமது சைவ வித்தியாசாலைகளில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களுடைய குருபூசை நடைபெறுதல் வழக்கம். அன்று மாணாக்கர் கூடியிருக்க, பேச வருவோர் நாவலரவர்களோடு வாதாடினவர்களுடைய பெயர்களை வரிசையாகச் சொல்லுவர். அவ்வரிசையிலே, சுப்பிரதீபம் எழுதிய கறோல் விசுவநாதபிள்ளை என்று ஒரு பெயரும் வரும். அந்தப் பெயர் வந்தவுடன் சிறுவர் நகைப்பர். சில வேளை உபாத்தியாயரும் உடன் நகைப்பர். பின்பு அவர் என்ன ஆனார் என்பதைச் சொல்லுவோர் சிலரே. சொல்லுவோரும் நாவலரவர்களுடைய வெற்றிக்கு ஓர் அடையாளமாக ஒரே வாக்கியத்திற் சொல்லி மேலே போய்விடுவர். அவருடைய சரித்திரத்தை அவர்பொருட்டே ஒருமுறை சொல்லுதல் தகுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அதனை இங்கே எழுதத் துணிந்தேன்.

சுதுமலை மானிப்பாய்க்கு அயலிலுள்ள ஊர். புவனேசுவரியம்பாள் ஆலயத்தினாற் பெயர்பெற்றது. அவ்வூரிலே 1820 ஆம் வருஷத்திலே விசுவநாதபிள்ளையவர்கள் பிறந்தார்கள். நாவலரவர்கள் நல்லூரிலே பிறந்தது 1822 ஆம் வருஷம் மார்கழி மாதத்திலாகலின், இருவரும் ஏறக்குறைய ஒத்த வயதினர். ஒருவரையொருவர் அறியாத இவ்விரு சிறுவரும் கல்வியின்பொருட்டுப் பாதிரிமாருடைய வாயிலிலே சென்று நிற்கவேண்டியதாயிற்று. நாவலரவர்கள் யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்த உவெஸ்லியன் மிஷன் பாடசாலைக்குச் சென்றார்கள். விசுவநாதபிள்ளையவர்கள் வட்டுக்கோட்டையிலிருந்த அமெரிக்க மிஷன் செமினரிக்குச் சென்றார்கள்.

அக்காலத்து நிலையை இக்காலத்தவராகிய நாம் சற்றே நினைத்துப் பார்த்தல் வேண்டும். நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே நிகண்டும் நீதிநூலும் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலமும் புதிய கணிதமும் வானசாஸ்திரமும் அங்கே இல்லை. 1823 ஆம் வருஷத்திலே தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியிலோ அவையெல்லாம் இருந்தன. தமிழும் வடமொழியும் இருந்தன. உணவும் உறையுளும் அங்கேயே கிடைத்தன. கைம்மாறாக அவர்கள் எதிர்பார்த்தது சமயமாற்றம். அமெரிக்காவிலிருந்து பொருளுதவி செய்தவர்களுடைய பெயர்களை மாணாக்கருக்கு இடுதலும் அங்கே வழக்கமாயிருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்பன நமது தேசத்து வித்துவான்களுடைய பெயர்கள். முன்பாதி கடல் கடந்து வந்தது. பின்பாதி தாய்தந்தையர் இட்டது. கறோல் என்னும் பெயரும் அவ்வாறு நமது விசுவநாதபிள்ளையவர்களை வந்து ஒட்டியதே. அப்பெயரைக் கேட்டு நகைக்கும் பிள்ளைகளுக்கு, அது ஒரு சிறுவன் சோற்றுக்கும் கல்விக்கும் கொடுத்த விலையென்று யாரேனும் சொல்லியிருந்தால் அவர்கள் நகைத்திரார்.

விசுவநாதபிள்ளையவர்கள் கூர்ந்த அறிவினர். கணிதத்திலே அவருக்கு இருந்த வல்லமை பெரிது. கற்ற இடத்திலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். 1855 ஆம் வருஷத்திலே வீசகணிதம் என்னும் நூலைத் தமிழிலே எழுதி வெளியிட்டார். அறியாத எண்ணுக்கு ஓர் எழுத்தை இட்டு அதனைத் தேடிக் காணும் கணக்கை நமது பாஷையிலே, நமது பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொன்ன முயற்சி அது. இந்நாளிலே கணிதம் கற்பிக்கும் உபாத்தியாயர்கள் சமன்பாடு என்றும் வர்க்கம் என்றும் இயல்பாகச் சொல்லிப் போகின்றார்கள். அக்காலத்திலே ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைக்கவேண்டியிருந்தது. அந்த வேலை எவ்வளவு பொறுமையை வேண்டிற்றென்பது, ஒரு பாடப்புத்தகமாவது எழுத முயன்றவர்களுக்குத் தெரியும். அவ்வருஷத்திலேயே செமினரியும் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வியிலே செலவிடும் பொருள் சமயப் பிரசாரத்துக்கு ஏற்ற பயனைத் தரவில்லையென்று மிஷன் மேலிடத்தார் கருதியமையே அதற்குக் காரணம்.

இதற்கிடையே நாவலரவர்கள் வேறு வழியிலே சென்றுகொண்டிருந்தார்கள். உவெஸ்லியன் பாடசாலையிலே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய நூலைத் தமிழிலே மொழிபெயர்க்கும் பணியிலே உதவி செய்தார்கள். விபூதியும் சைவாசாரமும் விடாமலே அப்பணியைச் செய்தார்கள் என்பது எல்லாரும் அறிந்தது. 1847 ஆம் வருஷத்து இறுதி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே சமயப் பிரசங்கத்தைத் தொடங்கினார்கள். 1848 ஆம் வருஷத்திலே மிஷன் வேலையை விட்டு, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு 1849 இலே தமிழ்நாட்டுக்குச் சென்றபோது திருவாவடுதுறை ஆதீனத்திலே நாவலர் என்னும் பட்டம் கிடைத்தது. 1852 இலே பெரியபுராண வசனம் வெளிவந்தது. அந்நூலை இங்கே குறித்ததற்குக் காரணம் உண்டு, பின்பு சொல்வேன்.

1854 ஆம் வருஷத்திலே சைவதூஷணபரிகாரம் வெளிவந்தது. பாதிரிமார் நமது ஆலய வழிபாட்டையும் விளக்கையும் தூபத்தையும் நைவேத்தியத்தையும் பழித்துத் துண்டுப்பத்திரங்கள் பரப்பிய காலம் அது. அவர்களுடைய வேதத்திலேயே ஆலயமும் விளக்கும் தூபமும் பலியும் சுத்திகரிப்பும் விதிக்கப்பட்டிருத்தலை இடம் காட்டி நாவலரவர்கள் விடை கூறினார்கள். விவிலிய நூலின் மொழிபெயர்ப்பிலே ஆண்டுக்கணக்காக உழைத்தமையினாலேயே அத்தகைய விடை அவர்களுக்குக் கைவந்தது. அந்தத் தர்க்கத்தின் வலிமையைப் பலர் பேசியிருக்கின்றார்கள். எனக்கு அதிலே வேறொன்று தோன்றுவதுண்டு. பாதிரியாருக்கு ஊழியம் செய்த காலத்தை வீண் காலமென்று நாவலரவர்கள் எறிந்துவிட்டிருக்கலாம். அதனை நினைத்து நாணி ஒடுங்கியும் இருக்கலாம். அங்ஙனம் செய்யாது, அக்காலத்திலே பெற்ற அறிவையெல்லாம் கொண்டுவந்து சைவத்தின் முன்னிலையிலே வைத்தார்கள்.

அந்நூலுக்கு மறுப்பாக 1857 ஆம் வருஷத்திலே வந்ததுதான் விசுவநாதபிள்ளையவர்களுடைய சுப்பிரதீபம். மறுப்பு என்றால் நம் காலத்து நாகரிக மறுப்பன்று. கண்டனமும் மறுகண்டனமும் எரிந்துகொண்டிருந்த காலம். இருதிறத்தாரும் கடுஞ்சொல்லுக்கு அஞ்சவில்லை. நாவலரவர்களுடைய எழுத்தும் மென்மையானதென்று எவரும் சொல்லார். ஆயினும், ஒரு சைவப் பிள்ளையாகப் பிறந்து, தமிழிலும் வடமொழியிலும் பயின்று, தாயும் பாட்டியும் கும்பிட்ட தெய்வத்தைத் தம் எழுத்தினாலேயே பழிக்க நேர்ந்தவருடைய நிலை, அந்நியனாகிய பாதிரியின் நிலையிலும் கொடிது. பாதிரி அறியாமற் பழித்தான். இவர் அறிந்து பழித்தார். வேற்றுமை அவ்வளவே; அது சிறிய வேற்றுமையன்று.

அக்காலத்திலே அவருக்கு உலகத்துப் புகழும் பெருகிற்று. 1857 இலே சென்னைச் சர்வகலாசாலை தாபிக்கப்பட்டு முதன்முறை நடத்திய பி. ஏ. பரீட்சையிலே சித்தியெய்தினவர்கள் இருவர். ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள், மற்றவர் விசுவநாதபிள்ளையவர்கள். சென்னை இராசதானி முழுவதும் எதிர்பார்த்திருந்த பட்டத்தை வட்டுக்கோட்டையிலே கற்ற இரண்டு யாழ்ப்பாணத்தார் பெற்றார்கள். தாமோதரம்பிள்ளையவர்களுக்கு அப்போது இருபத்தைந்து வயதளவு. விசுவநாதபிள்ளையவர்களுக்கு முப்பத்தேழு வயதளவு. ஆசிரியராயிருந்து நூலும் எழுதியவர், தம்மிற் பன்னிரண்டு ஆண்டு இளையவரோடு ஒரே பரீட்சைக்குச் சென்று அமர்ந்தார். கல்வியிலே நாணமில்லாதவர் என்பது இதனாலே தெரிகின்றது. பிழையென்று கண்டதைத் திருத்திக்கொள்வதிலும் நாணாதவர் என்பது பின்னே தெரிந்தது.

அவர் மனம் மாறியது நாவலரவர்களோடு நிகழ்ந்த வாதத்தினாலே என்று நம்மவர் சொல்லுவர். வாதத்துக்கு அதிலே பங்கு இருக்கலாம். ஆயின் வாதத்திலே தோற்றவன் சாதாரணமாக வாய் அடங்குவான். அல்லது முன்னிலும் பெரிய பகைவனாவான். தோற்றவன் வென்றவனைத் தேடிவந்து, தான் செய்தது குற்றமென்று சொல்லுதல் வாதத்தினால் மாத்திரம் நிகழ்வதன்று. உள்ளே ஏதோ ஒன்று நெடுநாளாக உறுத்திக்கொண்டிருத்தல் வேண்டும். பகலிலே பட்டமும் பதவியும் மரியாதையும் இருக்க, இரவிலே தனித்திருக்கும்பொழுது சுதுமலையிலே கேட்ட கோயில்மணி அவர் காதிலே கேட்டதோ, யாரறிவார்?

நாவலரவர்கள் 1864 ஆம் வருஷத்திலே சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி அங்கே தங்கியிருந்தார்கள். விசுவநாதபிள்ளையவர்கள் சைவத்துக்கு மீண்டு வந்தபொழுது, சிவதூஷணம் செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாக அந்தச் சிதம்பரத்திலே பொன்னூசியைக் காய்ச்சித் தமது நாவிலே சூடு இடுவித்துக்கொண்டு, சிவதீட்சை பெற்றார் என்பது யாழ்ப்பாணத்திலே வழிவழியாக வழங்கிவரும் செய்தி.

இந்தச் செய்தியைக் கேட்கும் இக்காலத்து இளைஞர் முகம் சுளிக்கின்றார்கள். கொடுமையென்கின்றார்கள். சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையிலே இதனைச் சொன்னபொழுது ஒரு சிறுவன் எழுந்து, அன்று அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்டான். நல்ல கேள்வி. ஊசி முனையளவு சூடு சில நாளிலே ஆறிவிடும் என்றேன். அவன் அமைதியாய் உட்கார்ந்தான். வீட்டுக்குப் போகும் வழியிலேதான் அந்த விடையின் பொருள் எனக்கே விளங்கிற்று.

பிராயச்சித்தம் யாருக்காக? சிவபெருமானுக்கு அது வேண்டியதில்லை. நிந்தையாலே குறைவதும் துதியாலே நிறைவதும் அவருக்கு இல்லை. நாவலரவர்களுக்கும் அது வேண்டியதில்லை. எதிரியின் நாக்கு வெந்தால் அவர்களுக்கு வருவது ஒன்றுமில்லை. அது விசுவநாதபிள்ளையவர்களுக்கே வேண்டியிருந்தது. செய்த குற்றத்தை நினைந்து தன்னைத்தானே நொந்துகொள்ளும் மனத்துக்கு அளவு என்பது இல்லை. இன்று போதும் என்று அது சொல்லாது. பத்து வருஷம் சென்றாலும் சொல்லாது. நள்ளிரவிலே எழுப்பி, பழைய வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டும். பிராயச்சித்தத்துக்கோ அளவு உண்டு. இன்ன குற்றத்துக்கு இன்னது, இவ்வளவு, இத்துடன் முடிந்தது என்று பெரியோர் வரையறுத்து வைத்தார்கள். பழித்த உறுப்பு எதுவோ அதிலே ஊசி முனையளவு சூடு; அதன்மேல் தீட்சை; அதன்மேல் விபூதி. கணிதம் கற்ற அவருக்கு இது நன்றாக விளங்கியிருக்கும். அளவில்லாத தொகையை எவராலும் கட்டித் தீர்க்க முடியாது. அளவு வைத்த தொகையைத் தீர்த்துவிட்டு எழுந்து நடக்கலாம்.

தன்னைத்தான் பொறுத்துக்கொள்ளுதல் என்பதைத் தன் குற்றத்தைக் குற்றமன்றென்று சொல்லிக்கொள்ளுதலாகச் சிலர் எண்ணுகின்றனர். விசுவநாதபிள்ளையவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. காலம் அப்படி, வயிறு அப்படி, பாதிரிமார் அப்படிச் செய்வித்தார்கள் என்று சொல்ல அவருக்கு வேண்டிய நியாயங்கள் இருந்தன. அவை பொய்யான நியாயங்களுமல்ல. அவற்றை எடுத்துக்கொள்ளாது, என் நாவு செய்தது என்று நாவை நீட்டினார். அங்ஙனம் ஏற்றுக்கொண்டபடியினாலேயே அது அன்றோடு தீர்ந்தது.

இனி, பொறுத்தவர் பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். பெரியபுராண வசனத்தை நாவலரவர்கள் வெளியிட்டது 1852 ஆம் வருஷம் என்று முன்னே குறித்தேன். சுப்பிரதீபம் எழுந்ததற்கு ஐந்து வருஷம் முன்னரே, திலகவதியம்மையாருடைய சரித்திரத்தை நாவலரவர்கள் தம் கையால் வசனமாக எழுதி முடித்திருந்தார்கள். திருவாமூரிலே பிறந்த மருணீக்கியார் சமணரோடு சேர்ந்து தருமசேனர் என்னும் பெயருடன் பாடலிபுத்திரத்திலே தலைமை பெற்றிருந்ததும், சூலைநோய் வந்து வருத்தியதும், தமக்கையாருக்கு ஆள் அனுப்பியதும், சமணருடைய இடத்துக்குத் தாம் வருவதில்லையென்று அம்மையார் மறுத்ததும், பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் விட்டு வெள்ளை வஸ்திரம் உடுத்து இரவோடிரவாக அவர் திருவதிகைக்குப் போய்ச் சேர்ந்ததும் நாம் வகுப்பிலே ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பவை.

அவ்விடத்திலே அம்மையார் செய்தது என்ன? போன காலத்துக்குக் கணக்குக் கேட்கவில்லை. பெற்றோரும் தமக்கு நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையாரும் இறந்தபின், தம்பி ஒருவனுக்காகவே உயிர் தாங்கியிருந்தவர் அவர். அந்தத் தம்பி தம்மை விட்டுப் போனதைச் சொல்லிக்காட்ட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. திருவலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு வைகறையிலே கோயிலுக்குப் புறப்பட்டவர், தம்பியையும் அழைத்துச்சென்றார், விபூதியைக் கொடுத்தார். சமணரிடம் போகமாட்டேன் என்று முன்னே மறுத்தவரும் இவரே. குற்றத்தின் இடத்துக்குத் தாம் போகவில்லை. குற்றத்தை விட்டு வந்தவனைக் கையேற்றார். பொறுத்தல் என்பது குற்றத்துக்கு இணங்குதல் என்று மயங்குவோர்க்கு இவ்விரண்டு செயலையும் சேர்த்துக் காட்டுதல் நலம். மீண்டவரோ அத்தலத்துப் பெருமானாலே நாவுக்கரசர் என்று அழைக்கப்பட்டார். பழித்த நாவுக்கே அரசு கிடைத்தது. தாம் கழித்த நாட்களை எண்ணி அவர் முதுமைவரை இரங்கினார். அவ்விரக்கம் அவருடைய கையிலிருந்த உழவாரத்தை ஒருநாளும் தடுக்கவில்லை.

இதனை எழுதிய நாவலரவர்களிடம் விசுவநாதபிள்ளையவர்கள் வந்து நின்றார்கள். ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி அவர்களுக்கு இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. எழுதிய நூலின்படி நடக்காதவர்கள் உலகத்திலே எத்தனை பேர்! ஏற்றுக்கொண்டும், ஆயுள் முழுவதும் சுப்பிரதீபத்தை நினைவூட்டிக்கொண்டே இருந்திருக்கவும் கூடும். தாமோதரம்பிள்ளையவர்களும் கிறிஸ்தவச் சூழலிலே வளர்ந்து சைவத்துக்கு மீண்டவரே. தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரையை 1868 ஆம் வருஷத்திலே நாவலரவர்கள் பரிசோதித்துக் கொடுக்கத் தாமோதரம்பிள்ளையவர்கள் வெளியிட்டார்கள். மீண்டு வந்தவரைத் தூரத்திலே நிறுத்திவைத்துப் பரீட்சித்துக்கொண்டிராமல், ஏட்டுச்சுவடியைக் கையிலே கொடுத்து வேலையைத் தொடங்கினார்கள். பின்பு வீரசோழியமும் தொல்காப்பியப் பொருளதிகாரமும் கலித்தொகையும் அந்தத் தாமோதரம்பிள்ளையவர்களாலேயே அச்சேறின. தமிழுலகம் பெற்ற பயனைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னபின் மற்றொன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. நாவலரவர்கள் எல்லாரோடும் இங்ஙனம் பொருந்தினார்கள் அல்லர். இராமலிங்கசுவாமிகளுடைய பாடல்களை அருட்பா என்று வழங்கியதுபற்றி எழுந்த வழக்கு, 1869 ஆம் வருஷத்திலே மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரையும் சென்றது. இருவரும் விபூதி தரித்தவர்கள். இருவரும் சிதம்பரத்தை உயிராகக் கொண்டவர்கள். 1874 இலே சுவாமிகள் மறைந்தார்கள். 1879 இலே நாவலரவர்கள் மறைந்தார்கள். இருவருக்கும் இடையே இருந்த மனஸ்தாபம் தீர்ந்ததென்று சொல்ல ஒரு செய்தியும் நமக்குக் கிடைக்கவில்லை. தீராத வழக்கைச் சீடர்கள் முதுசொம்போலப் பெற்றுக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நம்மூர் நா. கதிரைவேற்பிள்ளையவர்களும், பின்னாளிலே மறைமலையடிகள் எனப் பெயர்கொண்ட வேதாசலம்பிள்ளையவர்களும் சென்னையிலே அதே வழக்கைத் திரும்ப எடுத்துப் பேசினார்கள். வேற்றுச் சமயத்தாராய் நின்று நம்மைப் பழித்தவரைப் பொறுக்க முடிந்தது. ஒரே திருநீற்றை அணிந்து வேறுபட்டவரைப் பொறுக்க முடியவில்லை. இந்த வினோதத்தை நமது குடும்பங்களிலே காணி வேலிச் சண்டையிலும் பார்க்கின்றோம். ஊராரோடு பத்து நாளிலே சமாதானமாகின்றவன் கூடப்பிறந்தவனோடு முப்பது வருஷம் பேசாதிருக்கின்றான். பெரியோரிடத்திலும் இது இருந்தது என்பதை மறைப்பதால் அவர்களுக்குப் பெருமை கூடாது. பொறுத்தற்கு அரியது எது என்று நாம் அறிந்துகொள்ள அது உதவும்.

உபாத்தியாயர்களாகிய நமக்கு இச்சரித்திரத்திலே நெருங்கிய சம்பந்தம் உண்டு. என் அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல அனுமதிக்கவேண்டும். யான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலே ஒரு கிராமத்துப் பாடசாலையிலே இருந்தேன். ஒரு பையன் என்னைப்பற்றி இழிவான ஒரு பாட்டைக் கட்டிக் கிணற்றடிச் சுவரிலே கரியினால் எழுதிவிட்டான். கண்டுபிடித்தேன், தண்டித்தேன், அவன் அழுது, சுவரைத் தானே கழுவினான். அத்தோடு விட்டேனா? இல்லை. அவன் விடை தவறாகச் சொன்னபோதெல்லாம், பாட்டுக் கட்டும் புலவருக்கு இது எப்படித் தெரியும் என்று வகுப்பிலே சொல்லுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கும் அதிலே ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை இப்போது ஒளிக்கமாட்டேன். இரண்டு வருஷம் அப்படிச் சொல்லியிருப்பேன். அவன் இடையிலே படிப்பை விட்டான்.

பல வருஷத்துக்குப் பிறகு தன் கலியாணத்துக்கு அழைக்க அவன் என் வீட்டுக்கு வந்தான். வெற்றிலைத் தட்டத்தை வைத்துவிட்டு, அந்தச் சுவர் விஷயத்துக்கு ஐயா மன்னிக்கவேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தண்டனை முடிந்த அன்றே தீர்ந்த கடன் அது. தீர்ந்த கடனுக்குரிய உறுதியைக் கிழிக்காமல் பெட்டகத்திலே வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் வட்டி வாங்கியவன் நான். அவன் செய்தது ஒருநாட் குற்றம்; நான் செய்தது இரண்டு வருஷத்துக் குற்றம். அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. கலியாணத்துக்குப் போனேன், அறுகரிசி போடும்போது அவனுக்கு மாத்திரம் கேட்கும்படி சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமற் சிரித்தான். என் மனத்திலிருந்து அது முழுவதும் போய்விட்டதென்று இன்றும் சொல்லமாட்டேன். பொன்னூசியின் அருமையை அன்றுதான் அறிந்தேன். அப்படி அளவிட்டுத் தீர்த்துத் தரும் ஒருவர் எனக்குக் கிடைக்கவில்லை.

பையனுக்கு நான் செய்ததையே விசுவநாதபிள்ளையவர்களுக்கு நாம் எல்லாரும் சேர்ந்து செய்துவருகின்றோமோ என்று அதன்பிறகு ஓர் ஐயம் எனக்கு உண்டாயிற்று. அவர் சூடு பெற்றார், தீட்சை பெற்றார். பிராயச்சித்தம் முடிந்தது. நாவலரவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நாமோ நூறு வருஷத்துக்கு மேலாகச் சுப்பிரதீபத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடிக்கின்றோம். கறோல் என்ற பெயரை அழுத்திச் சொல்லுகின்றோம். பெயர் வேறுபடுத்தி அறிதற்கு வேண்டியது என்று சொல்லுவார்கள். விசுவநாதபிள்ளை என்ற பெயருடையார் பலர் உண்டு என்பதும் மெய்யே. சுதுமலை விசுவநாதபிள்ளை என்றாலும் வேறுபாடு விளங்கும். வீசகணிதம் இயற்றிய விசுவநாதபிள்ளை என்றால் இன்னும் நன்றாக விளங்கும்.

மறுபக்கத்தையும் ஒரு சொல்லாலே நினைத்துவிடுதல் நியாயம். வட்டுக்கோட்டையிலே அவருக்குச் சோறிட்டுக் கணிதம் கற்பித்தவர்களுக்கும், அவரோடு ஒரே விடுதியிலே படுத்தெழுந்த நண்பர்களுக்கும், அவர் விட்டுப்போனது வருத்தமாகவே இருந்திருக்கும். அவர்களும் பொறுக்கவேண்டியது ஒன்று இருந்தது. செமினரி இருந்த இடத்திலே 1872 ஆம் வருஷத்திலே யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கிற்று. சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் பக்கத்திலே பக்கத்திலே இருந்து படித்து வெளிவந்தார்கள். கண்டனப் பிரசுரங்கள் நூல்நிலைய அலுமாரிகளுக்குட் போயின.

நாவலரவர்கள் 1879 ஆம் வருஷம் கார்த்திகை மாதத்திலே சிவபதமடைந்தார்கள். விசுவநாதபிள்ளையவர்கள் மறுவருஷம் 1880 இலே காலமானார்கள், வயது அறுபது. எங்கள் பாடசாலையிலே வரும் குருபூசைக்குப் பேசும் மாணாக்கருக்குக் குறிப்பு எழுதிக்கொடுக்கும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்திருக்கின்றது. பழைய குறிப்பிலே எதிரிகள் என்ற தலைப்பின்கீழ் நான்காவதாக இருந்த அவருடைய பெயரை வெட்டி, பின்பக்கத்திலே தாமோதரம்பிள்ளையவர்களுடைய பெயருக்கு அடுத்ததாக எழுதியிருக்கின்றேன்.